அது லண்டன் கார் இல்லை, பெருங்களத்தூர் கார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கார் கண்காட்சிப் படங்களை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நன்றாக இருந்தது, எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் இடது மூலையில் நிற்கிற சிவப்புக் காருக்குக் கீழே "இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், நம்பாமல் பேரனிடம் போனில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லியும் பார்த்தேன். அந்தக் காருக்கு நான்கு கதவு. ஹெரால்டில் நான்கு கதவு வைத்து இங்கிலாந்துக்காரன் செய்யவே இல்லை. அவன் செய்ததெல்லாம் இரண்டு கதவு. நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் பிறந்தது, அது தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிற பெருங்களத்தூர்.

உங்கள் நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். காரின் பானெட் விளிம்பில் பளபளவென்று ஆங்கிலத்தில் டிரையம்ஃப் என்று ஏழு எழுத்து ஒட்டியிருக்கிறது, பாவம், இருந்ததை அவர் படித்திருக்கிறார். ஒட்டியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன்னால் நானே அதே ஏழு எழுத்தை வாங்கக் கூடையில் போட்டு, பணம் கட்டுகிற இடம் வரைக்கும் போனவன்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ஸ்டாண்டர்டு என்பது 1903-ல் கவென்ட்ரியில் தொடங்கிய கம்பெனி. டிரையம்ஃப் என்ற இன்னொரு கார் கம்பெனி அப்புறம் அவர்கள் கைக்கு வந்தது. ஹெரால்டு 1959-ல் அங்கே வந்தபோது டிரையம்ஃப் என்ற பெயரில் வந்தது, வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே காரை 1961-லிருந்து இங்கே செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 948 சிசி இன்ஜின், பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1968-ல் மார்க் 3 என்று நான்கு கதவு வந்தது. புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைகிற பாட்டியைப் பார்த்த யாருக்கும் அது ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1972-ல் அதே அடித்தளத்தில் கெஸல், அது 1977 வரைக்கும் ஓடியது. கடைசியாக 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார், அதோடு கதை முடிந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐடி கட்டடங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1963-லேயே கார்களிலிருந்து ஸ்டாண்டர்டு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் "சாதா" என்ற அர்த்தம் வந்துவிட்டதாம், டீலக்ஸ் என்று ஒன்று வந்தபிறகு ஸ்டாண்டர்டை யார் வாங்குவான்? நம் ஊரில் பாருங்கள், "ஆள் ஸ்டாண்டர்டு" என்றால் அது பாராட்டு! அதனால் அங்கே செத்த பெயர் இங்கே இன்னும் கால் நூற்றாண்டு பானெட்டில் உட்கார்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொடி என்றும் அர்த்தம், ஹெரால்டு என்றால் கட்டியங்காரன். ராஜா போன பிறகும் கொடியை இறக்காத கட்டியங்காரன் என்று என் அப்பா சொல்வார். அவர் தமிழ் வாத்தியார், அப்படித்தான் பேசுவார்.

எங்கள் கார் 1964 மாடல், இரண்டு கதவு, வெள்ளை. அப்பா அதை 1971-ல் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 1978-ல் பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது டிங்கர் என்ன செய்தார் என்றால், பானெட்டில் ஸ்டாண்டர்டு என்று இருந்த ஆங்கில எழுத்துகளையெல்லாம் கழற்றி, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். எழுத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அப்பா கையில் கொடுத்தார். எட்டு எழுத்தில் பாட்டிலுக்கு வந்தது ஐந்துதான். அதற்கப்புறம் கார் நின்ற நாள் வரைக்கும் பெயரே இல்லாமல்தான் ஓடியது, ஊரில் எல்லோரும் "வாத்தியார் கார்" என்றார்கள், அதுவே போதுமாக இருந்தது.

நான் அச்சகம் வைத்திருந்தவன். டிரெடில் மெஷின், ஈய எழுத்து, கையால் அச்சுக் கோத்த காலம். ரிட்டயர் ஆனபிறகு கொட்டகையில் கிடந்த காரை எடுத்துச் சரி பண்ணலாம் என்று இறங்கினேன். இன்ஜின், பிரேக், தரைத்தகடு இதெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் ஆகிற காரியம், ஹெரால்டு சேஸிஸ் தனி, பாடி தனி என்பதால் இன்னும் சுலபம். மாட்டிக்கொண்டது கடைசியில் இந்த எழுத்துகளில்தான். இரண்டு வருடம்! மனைவி சொன்னாள், "இன்ஜினை ஆறு மாசத்துல கட்டிட்டீங்க, பேரை வைக்க ரெண்டு வருஷமா?"

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து இதைப் படித்த பிறகு டிங்கரிங்குக்கு அனுப்புங்கள். பழைய பெயின்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிகிற அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். எம்ப்ளம் எது சரி என்று புத்தகம் சொல்வதைவிட அந்தத் தகடு துல்லியமாகச் சொல்லும். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் குச்சி மாதிரி இரண்டு ஆணி இருக்கும், அது தகட்டில் உள்ள துளையில் போய் உள்பக்கம் கிளிப்பில் பிடித்துக்கொள்ளும். பட்டியைச் சுரண்டியதும் துளைகள் வரிசையாகத் தெரியும். காசுக்கு மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே சின்ன வயதில், அதேபோல விளிம்பு முழுவதற்கும் ஒரே நீளக் காகிதமாக ஒட்டி, மெதுவாகத் தேய்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிங்கர் துளையை அடைத்தால் அடைக்கட்டும், உங்களிடம் அச்சு இருக்கிறது.

நான் தேய்த்ததில் பதினாறு துளை வந்தது, எட்டு ஜோடி. நட்டநடுவில் நூல் பிடித்தால், நடுக்கோட்டில் துளை இல்லை, நாலு ஜோடி அந்தப் பக்கம், நாலு ஜோடி இந்தப் பக்கம். டிரையம்ஃப் என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ஏழு எழுத்தைச் சமமாகப் பரப்பினால் நாலாவது எழுத்து, அதாவது யூ, சரியாக நடுக்கோட்டில் வந்து உட்காரும். அப்படியானால் உங்கள் படத்தில் உள்ள கார்க்காரர் நடுவில் புதிதாகத் துளை போட்டிருக்கிறார், பழைய துளைகளை அடைத்திருக்கிறார். அறுபது வருடமாகத் துரு தின்னாமல் தப்பித்த தகட்டில் இப்படிப் பதினான்கு புதுத்துளை! எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், கிடைக்கிறது என்பதால்தான். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்குச் சங்கம் இருக்கிறது, புதிதாக வார்த்த எழுத்து செட் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் போட்டால் வந்துவிடுகிறது. நம் ஸ்டாண்டர்டுக்கு அப்படி யார் செய்கிறார்? நானும் யோசித்தேன், அந்த செட்டை வாங்கினால் எத்தனை எழுத்து நமக்கு ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன். இரண்டு பெயருக்கும் பொதுவாக இருப்பது டி-யும் ஆர்-உம் மட்டும். அந்த இரண்டும் என் ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே இருந்தன. கூடையைக் காலி செய்துவிட்டுப் படுக்கப் போனேன்.

பாட்டிலில் இருந்தவை எஸ், டி (T), ஏ, என், ஆர். இல்லாதவை இன்னொரு ஏ, அப்புறம் இரண்டு டி (D). இங்கேதான் தமிழ் நம்மைப் படுத்துகிறது, இரண்டு எழுத்துக்கும் நம் வாயில் ஒரே சத்தம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போன் போட்டு (அங்கே எம்ப்ளம் என்றால் சட்டென்று புரியாது, மோனோகிராம் என்று கேளுங்கள்) "டி வேணும்" என்றேன். "எந்த டி சார்?" என்றார். "திண்டுக்கல் டி, தஞ்சாவூர் டி இல்லை" என்று தெளிவாகத்தான் சொன்னேன். பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. உள்ளே தஞ்சாவூர் டி. முந்நூறு ரூபாய் போச்சு என்று மேஜை டிராயரில் எறிந்துவிட்டேன்.

திண்டுக்கல் டி கடைசியில் கிடைத்தது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம். அவர் பெயரின் முதல் எழுத்து அது, அதனால் எப்போதோ ஒரு கண்டம் பண்ணிய ஹெரால்டிலிருந்து கழற்றித் தன் டூல் பெட்டி மூடியில் அடித்து வைத்திருக்கிறார். விலை கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றார். முப்பது வருஷமாக இருக்கிறதாம், பெட்டியைப் பார்த்தால் அவர் பெட்டி என்று தெரியணுமாம். நியாயம்தானே, அவருக்கும் அது எம்ப்ளம். ஆனால் நல்ல மனிதர், ஒரு வாரம் கடனாகக் கொண்டு போங்கள் என்று கழற்றித் தந்தார்.

அதை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைக்குக் கார் எழுத்து ஒரு விஷயமா? காவிரி வண்டல் மண்ணில் அமுக்கிப் படி எடுத்து, பித்தளையை ஊற்றி, சாயங்காலமே கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது இளைத்துப் போயிருக்கிறது. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும், ஓர் அங்குல எழுத்தில் அது அரை மில்லிமீட்டர் வரைக்கும் போகும், அதற்கு மேல் அரம் போட்டு, பஃபிங் பண்ணினால் இன்னும் கொஞ்சம் போகும். மற்றவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஆயுள் முழுக்க எழுத்து கோத்தவன் கண்ணுக்கு அரை மில்லிமீட்டர் என்பது பல்லிடுக்கில் மாட்டிய பாக்கு. பட்டறைப் பெரியவர்தான் வழி சொன்னார், மூல எழுத்தின் மேல் நாலைந்து கோட் பிரைமர் அடித்துத் தடிமனாக்கிக் கொண்டு வாருங்கள், சுருங்கினால் சரியாக வந்துவிடும் என்று. அடித்தேன் (மெக்கானிக்கிடம் போன் செய்து அனுமதி கேட்டுவிட்டுத்தான்). இரண்டாம் தடவை அச்சு அசலாக வந்தது.

அடுத்தது முலாம். இங்கேதான் ஓர் எழுத்தைப் பறிகொடுத்தேன். பழைய எழுத்துகள் பித்தளை இல்லை, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதை நான் பிளேட்டிங் கடையில் சொல்லாமல் விட்டது என் தப்பு, கேட்காமல் விட்டது அவர்கள் தப்பு. பழைய குரோமை எடுக்க எல்லாவற்றையும் போல ஆசிட்டில் முக்கியிருக்கிறார்கள். இரும்புக்கு அது சரி, துத்தநாகத்துக்கு எமன். மறுநாள் போனால் தஞ்சாவூர் டி-யைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள், எலி கடித்த அப்பளம் மாதிரி. மற்ற நான்கை அதற்குள் போடாமல் இருந்தார்களே என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடை எது என்று சொல்லப்போவதில்லை, அவர்களும் வருத்தப்பட்டார்கள். துத்தநாகமாக இருந்தால் முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், அதற்கு மேல் குரோம், இந்த வரிசை மாறக்கூடாது. பளபளப்பு குரோமில் இருக்கிறது என்று நினைக்கிறோம், குரோம் மெல்லிய தோல்தான், கண்ணாடி மாதிரித் தெரிவது அடியில் உள்ள நிக்கல். அதில் காசு மிச்சம் பிடிக்கிற கடைக்குப் போனால் ஒரு மழைக்காலம் தாங்காது.

அப்புறம் இரவு சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது, மேஜை டிராயர்! தப்பாக வந்த தஞ்சாவூர் டி அங்கேயே கிடந்தது. புதுப்பேட்டைக் கடைக்காரருக்கு மறுநாள் போன் செய்து நன்றி சொன்னேன், எதற்கு என்று அவருக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

மாட்டுவதற்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. தேய்த்து வைத்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, பானெட்டில் வைத்து, துளைகளைப் பட்டியிலிருந்து கையால் திருகும் சின்ன டிரில்லில் திறந்தோம், மின்சார டிரில் வழுக்கினால் புதுப் பெயின்டில் கோடு விழும், மாஸ்கிங் டேப் மூன்று அடுக்கு ஒட்டிக்கொண்டுதான் கை வைத்தோம். துளையின் விளிம்பில் பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, எழுத்தின் மேல் துணி வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினால் போதும், சுத்தியல் பக்கமே போகக்கூடாது, அறுபது வருடத் துத்தநாகம் பிஸ்கட் மாதிரி உடையும். என் ஆர்-க்கு ஒரு ஆணி உடைந்தே போயிற்று, பின்னால் சின்னத் துளை போட்டு ஒரு மெல்லிய திருகாணியை எபாக்ஸி வைத்து நட்டேன். இருபக்கம் ஒட்டும் டேப்பில் ஒட்டிவிடலாமே என்று மகன் சொன்னான். மே மாதத்து வெயிலில் பானெட் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறானா அவன்?

ஒரு குறை சொல்கிறேன், சொந்தக் குறை. துளைகளின் இடைவெளி எல்லாம் சமம், ஆனால் எழுத்து சமம் இல்லை. தஞ்சாவூர் டி-க்கும் ஏ-க்கும் நடுவில் கீழே ஒரு காலி இடம் தெரியும், நான் அச்சுக் கோத்திருந்தால் அந்த ஏ-வை நூலளவு தள்ளியிருப்பேன். பட்டி வைத்து அடைத்துப் புதுத்துளை போட்டு நகர்த்திவிடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. பெருங்களத்தூரில் எவரோ ஒரு தொழிலாளி போட்ட துளை அது, அவர் கணக்கு அப்படி.

இந்த நோய் ஹெரால்டுக்கு மட்டும் இல்லை. 1974-லிருந்து பத்மினி என்ற பெயரில் வந்த காரின் முன்னால் பியட் வட்டத்தை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர், ஊரே அதைப் பியட் என்றுதான் கூப்பிட்டது என்பதால் அதிலாவது கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அம்பாசடரில் அதன் இங்கிலாந்து மூலமான மாரிஸின் எழுத்தை மாட்டுவதற்கு அதுவும் இல்லை. 2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது, நம்பரில் விஏ என்று வரும், புதிதாகப் பதிவு செய்ய இருபதாயிரம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது அந்த விதி. எம்ப்ளத்தை அதில் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அவரவர் கார், அவரவர் இஷ்டம், பிள்ளையார் படம் கூட ஒட்டிக்கொள்ளட்டும். ஆனால் மாட்டிக்கொண்டு, நிருபர் வந்து கேட்டால் லண்டன் கார் என்று சொல்லாமல் இருந்தால் நல்லது. அந்தக் காரைச் செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள், தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் இருப்பார்கள், உங்கள் பேப்பரையும் படிப்பார்கள்.

அதனால் அடுத்த ஞாயிறு ஒரே ஒரு வரி திருத்தம் போட முடியுமா? "படத்தில் உள்ளது பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3" என்று. வழக்கமாகத் திருத்தம் போடுகிற அந்தச் சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. கூடவே, யார் வீட்டுப் பரணிலாவது ஹார்லிக்ஸ் பாட்டிலில் எழுத்து கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சகக்காரன்,
கும்பகோணம்.